ஆறு மணிக்கு எக்ஸ்போவில், ஆறரைக்கு வகுப்பில்?

கேள்வி: வயது 29, சிங்கப்பூர்க் குடிமகள். மின்னியல் பொறியியல் படித்துவிட்டு, சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்கு ஐந்தாண்டாக மென்பொருள் எழுதுகிறேன். கோட் ஓடுகிறது, அது உள்ளே எப்படி ஓடுகிறது என்பது தெரியவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. வேலையை விட்டு அமெரிக்கா போவதா, இங்கேயே பகுதிநேரமாகப் படிப்பதா? சம்பளம் 6,000 வெள்ளி. பதிவுசெய்தபின் அரசு கட்டித்தரும் பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்கிறோம்.

பதில்: முதலில் பணம். வேலையை ஓராண்டு விட்டால் 72,000 வெள்ளி வராது. அதோடு மசேநி (மத்திய சேம நிதி) சந்தாவும் நின்றுவிடும். வீட்டுத் தவணையை மசேநியிலிருந்து கட்டுவதாகத் திட்டமிருந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போவது அங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால்தான் கட்டுப்படியாகும். கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவர்கள் மாணவர் விசாவிலேயே மூன்றாண்டு வரை அங்கு வேலை செய்யலாம். அதற்கப்புறம் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் நண்பர்கள் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் நிற்க வேண்டும். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. சிங்கப்பூரர்களுக்கென்று ஆண்டுக்கு 5,400 இடங்கள் ஒதுக்கிய எச்-1பி1 விசா அது. ஆனால் அந்த விசாவை நம்பி வரும் துணைக்கு அங்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, இங்கேயே படிப்பதென்றால்? என் அனுபவம் ஒன்று. விளம்பரப் புத்தகத்தில் இருந்த ஒரு பாடத்துக்காகவே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். படித்து முடிக்கும்வரை அந்தப் பாடத்தை அவர்கள் நடத்தவே இல்லை. அதனால் பல்கலையின் தரவரிசையை மூடிவைத்துவிட்டு, கடந்த இரண்டு பருவங்களின் கால அட்டவணையைத் தேடி எடுங்கள். உங்களுக்கு வேண்டியவை இயக்க முறைமை (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் பரவலமைப்பு, அல்காரிதம். அந்தப் பாடங்கள் நடந்தனவா, மாலையில் நடந்தனவா என்று பாருங்கள். பகல் இரண்டு மணி வகுப்பு என்றால் உங்களுக்கு அந்தப் பாடம் இல்லை என்றே அர்த்தம்.

அப்புறம் தூரம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலையில் வகுப்பென்றால், உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து எக்ஸ்போ நிலையத்தில் ரயிலேறி, தானா மேராவில் மாறி, தீவின் மறுகோடியில் பயனியரில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறரை வகுப்பில் ஒரு மணி நேரம் போயிருக்கும். தேசியப் பல்கலை இருக்கும் கெண்ட் ரிட்ஜ் பரவாயில்லை. அதன் மாஸ்டர் ஆஃப் கம்ப்யூட்டிங்கில் பொதுப் பிரிவு வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்காக அமைந்தது. உங்கள் பட்டம் மின்னியல் என்பதால் அங்கே தள்ளப்பார்க்கலாம். ஐந்தாண்டு கோட் எழுதியவருக்கு அது சலிப்பூட்டும். கணினி அறிவியல் பிரிவுக்கே விண்ணப்பித்துப் பாருங்கள். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலை நகரின் நடுவே பிராஸ் பசாவில், போக வரச் சுலபம். ஆனால் அங்குள்ள தொழில்நுட்ப மாஸ்டர்ஸ் வணிகத்தை ஒட்டியது, உங்கள் கேள்விக்குப் பதிலாகாது.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014இல் தொடங்கிய இணையவழி கம்ப்யூட்டர் சயன்ஸ் மாஸ்டர்ஸ். பத்துப் பாடங்கள், மொத்தச் செலவு பத்தாயிரம் அமெரிக்க டாலருக்குள். பாடங்கள் பதிவுசெய்யப்பட்டவை, இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம். அதன் இயக்க முறைமைப் பாடத்தில், ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கையாளும் கோப்பு சர்வரை சி மொழியில் நீங்களே எழுத வேண்டும். 'உள்ளே எப்படி ஓடுகிறது' என்றீர்களே, அது அங்கேதான் புரியும். சேர்வது சுலபம், நிலைப்பது கடினம். முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் குறைந்தது பி கிரேடு வாங்க வேண்டும். பேராசிரியரோடு நெருக்கம் கிடைக்காது என்பதால் பிஎச்டி ஆசை இருந்தால் இது வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கேட்பார்கள். உங்கள் மேலாளரிடம் கேட்பதற்கு முன், இந்த வாரக் கடைசியில் சி மொழியில் ஒரு சின்ன சாக்கெட் நிரல் (வலையமைப்பு வழியாக இரண்டு நிரல்கள் பேசிக்கொள்வது) எழுதிப் பாருங்கள். ஞாயிறு இரவு அது ஓடாமல் போய், நீங்களும் தூங்கப் போகாமல் அதையே நோண்டிக்கொண்டிருந்தால், திங்கட்கிழமை மேலாளரிடம் கேளுங்கள்.