ரிவர்ஸ் விழவில்லை என்பதற்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்

கேள்வி: நாங்கள் இருப்பது சென்னையில். தேவகோட்டை வீட்டில் ஒரு ஏஎம்டி கார் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக கியர் மாறும் வண்டி) நிற்கிறது. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) என்று ஊருக்கு வரும்போதுதான் எடுப்போம். இந்த முறை ஸ்டார்ட் ஆனது. ஆனால் ரிவர்ஸ் போட்டால் நியூட்ரலைக் குறிக்கும் ‘என்’ எழுத்தே மின்னுகிறது. ஓடும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் உதறுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, மதுரைக்கு ஏற்றிவிடலாம் என்கிறார் உள்ளூரில் ஒருவர். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். எனக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

ஏஎம்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை அமுக்கி கியர் மாற்றும் வேலையை மட்டும் மின்சாரத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் செய்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருந்தால் அந்த ஆக்சுவேட்டர் தடுமாறும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நன்றாக சார்ஜ் செய்தபிறகும் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்கும் கீழே போனால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்திருப்பது தெரியாவிட்டால் ஏஎம்டி கியர் போடாது. அந்த ஸ்விட்ச் சில நூறு ரூபாய் சமாச்சாரம். பூட்டிய வீடு என்பதால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லி, அது காட்டும் பிழைக் குறியீட்டு எண்களை அழிப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள். எண்ணைக் காட்டாமல் ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

‘நானே ஏற்றி அனுப்புகிறேன்’ என்று முன்வருகிறவரிடம்தான் அதிக கவனம் வேண்டும். பல இடங்களில் இவருக்குப் பட்டறையிலிருந்து கமிஷன் உண்டு. வண்டியை அங்கே பிரித்துப் போட்டபிறகு உங்களுக்கு போன் வரும். சென்னையில் இருந்துகொண்டு நீங்கள் என்ன பேரம் பேச முடியும்? ஊரில் ஆளில்லாத வீட்டு வண்டி என்றாலே சிலருக்கு அப்படி ஒரு தைரியம். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கழற்றக் கூடாது, கழற்றிய பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷின் வைத்து ‘ஆட்டோமேட்டிக் ஆயில்’ ஃப்ளஷ் செய்வதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான் என்பதால் அதற்கு வேலையே இல்லை.

நிஜமாகவே பிரிக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு: கிளட்ச் தேய்ந்திருப்பது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அதுதான். அப்போதும் மாற்ற வேண்டியது கிளட்ச் செட். முழு கியர்பாக்ஸ் இல்லை. மாற்றினால் மட்டும் போதாது. புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வழியாக வண்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் புது கிளட்சும் உதறும், உடனே ‘ஆக்சுவேட்டரும் போச்சு’ என்று அடுத்த பில் வரும். இப்படிச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் ரீலேர்ன்; அதைச் செய்ததாக பில்லில் எழுதி வாங்குங்கள். சின்ன ஊர்களில் வண்டியை விற்கத் தெரிந்த கம்பெனிகள், இந்த ரீலேர்ன் வசதியை உள்ளூர் மெக்கானிக்குக்கும் கிடைக்கச் செய்தால் என்ன? ஒரு சின்னப் பாகம் பழுதானாலும் முழு அசெம்பிளிக்கே எஸ்டிமேட் போடுவதும் எனக்கு ஆத்திரம் தருகிறது.

இன்னொன்று, ஒன்று இரண்டு மாறும்போது லேசாகத் தலையாட்டுவது ஏஎம்டியின் இயல்பு. அந்த நேரம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினால் குறையும்.

இனி சென்னைக்குத் திரும்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால், வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓட்டத் தெரிந்திருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரைக்குடி வரை போய்வரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் பேட்டரி ஏறாது.