“எனக்குக் குளிரவே இல்லை” என்கிற பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்துவிட்டால் டெல்லித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே சண்டைதான். பிள்ளை ஜெர்கின் போட மாட்டேன் என்கிறது, அம்மா அப்பா விட மாட்டேன் என்கிறார்கள். இந்த முறை பிள்ளைகள் பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காலை ஆறரை மணிக்குப் பள்ளி பஸ். யூனிஃபார்ம் சட்டைமேல் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அவ்வளவுதான். ஆசையாக வாங்கிக் கொடுத்த ஜெர்கின் அலமாரியில் தொங்குகிறது. தினமும் வாசலில் நின்று கத்தல், அழுகை, கதவைச் சாத்தல். எங்களுக்குக் கும்பகோணம் பக்கம், இந்தக் குளிர் இன்னும் பழகவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். விட்டுவிடுவதா, கட்டாயப்படுத்துவதா? (ஒரு அம்மா, மயூர் விஹார்)

பதில்: முதலில் ஒன்று சொல்கிறேன், உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. நீங்கள் வாசலில் சும்மா நின்றுகொண்டு அந்தக் குளிரை வாங்குகிறீர்கள், அவள் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து, பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். நடக்கிற உடம்பு நிற்கிற உடம்பைவிட இரண்டு மூன்று மடங்கு சூட்டை உண்டாக்கும். பிறந்ததிலிருந்து இந்த ஊர்க் குளிரில் வளர்ந்த உடம்பு வேறு. அதனால் “எனக்குக் குளிரவில்லை” என்று அவள் சொல்வதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், திமிராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, அவளுடைய ஒரு நாளைக் கொஞ்சம் கூடவே போய்ப் பாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் டெல்லியில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழே கால் ஆகிறது. ஒரு நாளின் மிகக் குளிரான நேரம் சூரிய உதயத்தை ஒட்டித்தான் வரும், சரியாக அந்த நேரத்தில்தான் நாம் பிள்ளைகளை பஸ் ஏற்றுகிறோம். அப்போது 7 டிகிரி, சில நாள் 4 டிகிரி. 2021 ஜனவரி 1 காலையில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி வரைக்கும் இறங்கியது. ஆனால் வெயில் வந்துவிட்டால் அதே நாள் மதியம் பள்ளி விடும்போது 18, 20 டிகிரி. ஆக அந்தக் கனமான ஜெர்கின் அவளுக்குத் தேவைப்படுவது காலையில் கொஞ்ச நேரம், அப்புறம் நாள் முழுக்க அதை வைக்க இடம் கிடையாது, நாற்காலியில் போட்டால் கீழே விழும், தொலைத்தால் வீட்டில் திட்டு. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கை சொல்கிறது, 45 கிலோ இருக்கும் பெண்ணுக்கு நாலரைக் கிலோதான். அதற்குமேல் ஒரு ஜெர்கினையும் எங்கே திணிப்பாள்? இந்தக் கணக்கையெல்லாம் அவள் போட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்கிறாள், அதை நமக்கு விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அது பார்வை. பதின்மூன்று பதினான்கு வயதில், எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு நிஜமாகவே இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், பிள்ளைகள் மனதுக்குள் ஒரு கூட்டம் உட்கார்ந்து அவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது என்று. உங்கள் கண்ணுக்கு அது வெறும் ஜெர்கின். அவளுக்கு, அந்த நிறத்தைப் பார்த்து வகுப்பில் யாரோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதை உங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேளுங்கள். ஆனால் வாசலில், பஸ் ஹார்ன் அடிக்கிற நேரத்தில் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கும்போது கேளுங்கள், பதில் வரும்.

சரி, என்ன செய்வது? ஜெர்கினை விட்டுவிடுங்கள், இன்னரை விடாதீர்கள். சட்டைக்குள்ளே முழுக்கை தெர்மல் இன்னர் போட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு தடிமனான துணியைவிட இரண்டு மூன்று மெல்லிய துணிகள் நன்றாகச் சூடு பிடிக்கும், ஏனென்றால் குளிரைத் தடுப்பது துணிகளுக்கு நடுவே அகப்பட்ட காற்று. இன்னர், சட்டை, ஸ்வெட்டர், நல்ல சாக்ஸ், இவ்வளவும் இருந்தால் நோய்நொடி இல்லாத ஒரு பிள்ளை 7 டிகிரியில் பஸ் நிறுத்தம் வரை நடப்பதற்குப் போதும். கம்பளி உடம்பில் பட்டாலே குத்துகிறது, அரிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு இன்னர் பருத்தியில் வாங்குங்கள், பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

மேலே போடுவதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். பணத்தைக் கையில் கொடுத்து சரோஜினி நகருக்கோ லாஜ்பத் நகருக்கோ கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் இரண்டு கடை தள்ளி நில்லுங்கள். மடித்துச் சின்னப் பையில் அடக்கிவிடக்கூடிய லேசான ஜாக்கெட் எல்லாம் கிடைக்கிறது. அப்புறம், முந்தின நாள் ராத்திரி மறுநாள் எத்தனை டிகிரி என்று அவளே மொபைலில் பார்த்துச் சொல்லட்டும். 5-க்குக் கீழே போனால் ஜாக்கெட் கட்டாயம், அதற்கு மேலே அவள் முடிவு என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் “நான்தான் அப்போதே சொன்னேனே” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். சூடாக எதையாவது குடிக்கக் கொடுங்கள், மறுநாள் அவளாகவே எடுத்துப் போட வாய்ப்பிருக்கிறது, நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். குளிரே தெரியவில்லை என்பதோடு எடை குறைவது, எந்நேரமும் வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது இதெல்லாம் சேர்ந்து இருந்தால் தைராய்டு பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 14 வயது. அம்மா தினமும் மங்கி கேப், மப்ளர் இரண்டும் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே வருகிறார். பசங்க கேலி செய்கிறார்கள். குளிரால் ஜுரம் வராது, வைரஸால்தான் வரும் என்று எங்கள் சயின்ஸ் சார் சொன்னார். அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கள். (ஒரு மாணவன், ஆர்.கே.புரம்)

பதில்: தம்பி, நீயே எழுதியதற்கு முதலில் சந்தோஷம். உங்கள் சார் சொன்னது சரி. வைரஸ் இல்லாமல் வெறும் குளிர் சளியைக் கொண்டுவராது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸ், உடம்பின் உட்சூடான 37 டிகிரியைவிட மூக்குக்குள் இருக்கும் 33 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும். குளிரில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் அடைந்து கிடப்பதால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவவும் வசதி. ஆகவே அம்மா பயப்படுவதில் அர்த்தமே இல்லை என்று நான் எழுத மாட்டேன்.

மங்கி கேப் விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்று ரொம்ப காலமாக ஒரு பேச்சு உண்டு, அது தப்பு. தலை என்பது உடம்பின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் அது வழியாகப் போகும். ஆனால் காது வேறு விஷயம். காதில் கொழுப்பு மிகக் குறைவு, குளிர்காற்று முதலில் அங்கேதான் வலிக்க ஆரம்பிக்கும். அதனால் காதை மட்டும் மூடும் பட்டையோ, சாதாரண பின்னல் தொப்பியோ, கழுத்தோடு நிற்கும் நெக் வார்மரோ நீயே போய்த் தேர்ந்தெடு.

அப்புறம் அம்மாவிடம் “விடும்மா” என்று சொல்வதை நிறுத்திவிட்டு, “இன்றைக்கு 8 டிகிரிம்மா, உள்ளே இன்னர் போட்டிருக்கிறேன், தொப்பி பையில் இருக்கிறது, குளிர்ந்தால் போட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பார். நீ யோசித்துத்தான் செய்கிறாய் என்று தெரிந்தால் அவர் பயம் தானாகக் குறையும். இருபது டிகிரிக்கே போர்வை தேடுகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நம் அம்மாக்கள், அவர்களுக்கு இந்த ஊர்ப் பனிமூட்டத்தில் பிள்ளையை அனுப்புவது நிஜமாகவே கஷ்டம்.

இதைப் படிக்கும் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பஸ் ஸ்டாப் வரை வருவதை முதலில் தெருமுனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தொப்பியை அவன் பார்த்துக்கொள்வான்.

கேள்வி: பையனை ஸ்கூட்டரில்தான் பள்ளியில் விடுகிறேன். வேறு நிற ஜாக்கெட் போட்டு வந்தால் கேட்டிலேயே நிறுத்துகிறார்கள், அதனால் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து வருகிறான். பெண்ணுக்கு ஸ்கர்ட் வேறு. (ஒரு அப்பா, ஜனக்புரி)

பதில்: பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு நான் சொன்ன தாராளம் ஸ்கூட்டரில் போகும் பிள்ளைக்குக் கிடையாது. 7 டிகிரி இருக்கும் காலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்திருக்கும் தோலுக்கு அது கிட்டத்தட்ட 2 டிகிரி போல இருக்கும், காற்று சூட்டை அப்படி அடித்துக்கொண்டு போகிறது. நடக்கிற பிள்ளைக்காவது உடம்பு சூடாகும், பின்னால் அசையாமல் உட்கார்ந்து வருகிறவனுக்கு அதுவும் இல்லை. இங்கே பேரமே வேண்டாம், காற்றுப் புகாத ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். எந்த நிறமாக இருந்தாலும் சரி, பள்ளி கேட்டில் கழற்றி உங்கள் கையில் கொடுக்கட்டும், நீங்கள் வண்டியிலேயே வைத்து எடுத்து வந்துவிடுங்கள். அவனுக்குத் தூக்கிச் சுமக்கும் வேலையும் இல்லை, பள்ளிக்குள் அந்த ஜாக்கெட் போகவும் இல்லை.

பள்ளி விதியைப் பற்றி எனக்கு நிஜமாகவே கோபம் இருக்கிறது. பிள்ளைகளிடையே ஏற்றத்தாழ்வு தெரியக்கூடாது என்பதற்காக வந்தது யூனிஃபார்ம். ஹீட்டர் இல்லாத வகுப்பறையில் பிள்ளை கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. தனியாகப் போய்ப் பேசினால் கேட்க மாட்டார்கள், நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 4 டிகிரியோ அதற்குக் கீழோ போனால் வானிலைத் துறை அதைக் குளிர் அலை என்கிறது, அப்படிப்பட்ட நாட்களிலாவது அடர்நிற ஜாக்கெட் எதுவானாலும் அனுமதியுங்கள், பெண்பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க பேன்ட் போட அனுமதியுங்கள். இது வரும்வரை பெண்ணுக்கு ஸ்கர்ட்டுக்குள் யூனிஃபார்ம் நிறத்தில் கம்பளி லெக்கிங்ஸ். பிளேஸர் வாங்கும்போது ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் போட்டாலும் இறுக்காது.

கேள்வி: பேத்திக்கு வீசிங் உண்டு. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, ஸ்வெட்டர் பட்டன்கூடப் போடாமல் ஓடுகிறாள். நான் சொன்னால் “போ பாட்டி” என்கிறாள். (ஒரு பாட்டி, கரோல் பாக்)

பதில்: பாட்டி, இதில் உங்கள் கவலை முழுக்க நியாயமானது. வீசிங் இருக்கும் பிள்ளைக்குக் குளிர்ந்த வறண்ட காற்று நேராக உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். டெல்லியில் அதோடு புகையும் சேர்கிறது, குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்காற்றுக்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால் புகை மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு மட்டத்திலேயே தங்குகிறது. அதனால் அவளிடம் ஸ்வெட்டரைப் பற்றிச் சண்டை போடாமல் மாஸ்க்கைப் பற்றிப் பேசுங்கள். நன்றாகப் பொருந்தும் என்95 மாஸ்க் தூசியையும் தடுக்கும், அவள் விடும் மூச்சின் சூட்டிலேயே உள்ளே போகும் காற்றும் கொஞ்சம் சூடாகும், ஈரமாகும். அந்த வயதுப் பிள்ளைகள் மங்கி கேப்பை வெறுப்பார்கள், மாஸ்க் போடத் தயங்குவதில்லை. டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று தினமும் பார்த்து அனுப்புங்கள், ஸ்வெட்டரைவிட அது முக்கியம்.

ஈரத் தலையால் நேராகச் சளி பிடிக்காது. ஆனால் தண்ணீர் உலரும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அந்த நேரத்தில் வெளியே நின்றால் நடுங்கத்தான் செய்யும். தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள், பேத்தி இதற்கு ஒப்புக்கொள்வாள், காலையில் பதினைந்து நிமிஷம் கூடத் தூங்கலாமே.

கேள்வி: பையனின் கால்விரல்கள் சிவந்து வீங்கி, ராத்திரி தாங்க முடியாமல் அரிக்கிறது. சேற்றுப்புண்ணா? (துவாரகா)

பதில்: குளிரில் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிறகு திடீரென்று சூடு படும்போது விரல்கள் இப்படி வீங்கி அரிப்பது டெல்லிக் குளிர்காலத்தில் சகஜம். குளிர்ந்த காலைக் கொண்டுபோய் வெந்நீரில் வைப்பதும், ஹீட்டர் பக்கத்தில் நீட்டுவதும்தான் இதை மோசமாக்கும். மெதுவாகச் சூடாகட்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிக்காமல் ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போடட்டும், ஈரமானால் உடனே மாற்றட்டும். விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். புண்ணானாலோ, கொப்புளம் உடைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பள்ளியில்தான் ஹீட்டர் இல்லை, வீட்டில் படிக்கும் அறையிலாவது கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் போடலாமா? (முனீர்கா)

பதில்: மின்சார ஹீட்டர் என்றால் போடலாம், துணியும் திரையும் போர்வையும் அதற்கு அருகில் வேண்டாம், ஈர சாக்ஸை அதன்மேல் காயப் போடவே வேண்டாம், தூங்குவதற்குமுன் அணைத்துவிடுங்கள். கரி போட்டு எரிக்கும் அங்கீட்டியை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும், டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் செய்தி வருகிறது. வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவல்காரர் யாராவது அங்கீட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்குவதாகத் தெரிந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு நல்ல கம்பளி வாங்கிக் கொடுங்கள்.