வாக்கிட்டா என்ற கடல் பாலூட்டியை யாரும் வேட்டையாடுவதில்லையே, பிறகு ஏன் அழிகிறது?

காரணம் வலை. ஓங்கிலுக்கு (டால்பின்) உறவான வாக்கிட்டா, மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டுமே வாழ்கிறது. ஒன்றரை மீட்டர் நீளம்தான், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு வளையம். அதே தண்ணீரில்தான் டொடோவாபா என்ற பெரிய மீனும் இருக்கிறது. அதன் காற்றுப்பையைக் காயவைத்துச் சீனாவுக்குக் கடத்தினால் கொள்ளைப் பணம் என்பதால் திருட்டுத்தனமாகச் செவுள்வலை விரிக்கிறார்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் வாக்கிட்டாவும் மாட்டிக்கொண்டு, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. 1997-இல் சுமார் 570 இருந்தவை இன்று பத்தைச் சுற்றித்தான்.

சரி, பிடித்து வளர்க்கலாமே? 2017-இல் முயன்றார்கள், பிடிபட்ட பெண் வாக்கிட்டா அதிர்ச்சியில் இறந்துபோக அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் கதை முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கை இவ்வளவு குறைந்தும் மரபணு அளவில் அவை தேறக்கூடியவை என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டில் மெக்சிகோ கடற்படை, வலையை மாட்டிப் பிடிக்கும் கொக்கிகள் பொருத்திய கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில் இறக்கியது. அந்தப் பகுதிக்குள் வலை விழுவது நன்றாகவே குறைந்தது. வெளியே இன்னும் விழுகிறது, அங்கேயும் நிறுத்தியாக வேண்டும்.