முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் காலாட்படையில் இருந்த ஒரு சாதாரண சிப்பாய் எங்கே போரிட்டார் என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

குடும்பத்தில் மிஞ்சியிருப்பது ஒரு பெயரும் ஒரு பதக்கமும்தான் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதும். பெயரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து அதன் விளிம்பைப் பாருங்கள். சிப்பாயின் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். 1914-15 நட்சத்திரப் பதக்கமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். அந்த எண்தான் நூல்முனை. பெயரை வைத்துத் தேடினால் ஒரே ரெஜிமெண்டிலேயே பத்து ஜான் ஸ்மித் வந்து நிற்பார்கள்.

நான் இருப்பது மான்செஸ்டரில். பக்கத்து வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். ஒரு நாள் பிஸ்கட் டப்பாவில் மூன்று பதக்கங்களைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய அப்பாவுடையவை. பிரான்சில் போரிட்டார் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா வாய் திறந்ததே இல்லையாம். அதைத் தேடப் போய்த்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன்.

முதலில் எல்லோரும் பணிக்கோப்பைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருவில் இருந்த ராணுவக் கிடங்கின்மேல் ஜெர்மன் குண்டு விழுந்ததில் சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் 60 விழுக்காடு எரிந்து போயிற்று. மிஞ்சியவற்றை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே சொல்கிறார்கள். லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 363 என்ற வரிசை. ஓய்வூதியம் தொடர்பான கோப்புகள் டபிள்யூ.ஓ. 364. இரண்டையும் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் தளங்களில் பார்க்கலாம். உங்கள் ஆளின் கோப்பு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் தேடல் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இனிமேல் ஆளை விட்டுவிட்டு அவர் இருந்த பட்டாலியனை, அதாவது ரெஜிமெண்டின் கீழ் சேர்ந்து போரிடும் படைப்பிரிவை, பிடிக்க வேண்டும்.

பாட்டியின் அப்பா மான்செஸ்டர் ரெஜிமெண்ட். பதக்கத்தில் அவ்வளவுதான் இருந்தது, எந்தப் பட்டாலியன் என்று இல்லை. அந்த ரெஜிமெண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டாலியன்கள் இருந்தன. ஒன்று மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்), ஒன்று பிரான்சின் சோமில், ஒன்று துருக்கியின் கலிபோலியில் என்று ஆளுக்கொரு திசை. இங்கேதான் எண் கைகொடுத்தது. நட்சத்திரத்தில் நாலிலக்க எண், மற்ற இரண்டிலும் ஆறிலக்க எண். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு எண் என்று முதலில் குழம்பினேன். பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் படையில் ஒவ்வொரு பட்டாலியனும் தன் போக்கில் ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துக்கொண்டிருந்தது. குழப்பம் தாங்காமல் 1917 தொடக்கத்தில் எல்லோருக்கும் ஆறிலக்க எண் கொடுத்தார்கள், ஒவ்வொரு பட்டாலியனுக்கும் தனித்தனி வரிசையாக. மான்செஸ்டர் ரெஜிமெண்டில் மூன்று லட்சத்தில் தொடங்கும் எண் என்றால் 8ஆம் பட்டாலியன், ஆர்ட்விக் பகுதிக்காரர்கள்.

அதிலும் ஒரு சிக்கல். போர் வந்ததும் 8ஆம் பட்டாலியன் 1/8, 2/8 என்று இரண்டாகப் பிரிந்தது. 1/8 எகிப்துக்கும் கலிபோலிக்கும் போனது. 2/8 பிரான்சுக்குப் போனதே 1917இல்தான். எண் வரிசையோ இரண்டுக்கும் ஒன்று. விடை பிஸ்கட் டப்பாவிலேயே இருந்தது. 1914-15 நட்சத்திரம் 1915 முடிவதற்குள் போர்க்களம் போனவர்களுக்கு மட்டுமே. அப்படியானால் அவர் 1/8. பதக்க அட்டையை, அதாவது யாருக்கு என்ன பதக்கம் என்று ராணுவம் குறித்துவைத்த அட்டையை, தேடி எடுத்தேன் (டபிள்யூ.ஓ. 372 வரிசை), முதலில் போன களம் எகிப்து, ஆண்டு 1914 என்று இருந்தது. 1914இலேயே போனவருக்கு ஏன் 1914 நட்சத்திரம் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அது அந்த ஆண்டு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்தவர்களுக்கு மட்டும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று. அவருடைய பழைய நாலிலக்க எண்ணுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள எண்காரர்களைத் தேடினேன். அவர்களில் இரண்டு பேரின் கோப்பு தீயில் தப்பியிருந்தது. இருவரும் 1913இல், போருக்கு முந்தைய ஆண்டே சேர்ந்தவர்கள். எண் வரிசையாகக் கொடுக்கப்பட்டதால் இவரும் அப்போதுதான் சேர்ந்திருக்க வேண்டும். போர் அறிவித்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தார் என்றுதான் குடும்பம் இத்தனை காலம் நம்பியிருந்தது.

பட்டாலியன் தெரிந்தபின் போர் நாட்குறிப்பு (டபிள்யூ.ஓ. 95). ஒவ்வொரு பட்டாலியனிலும் ஓர் அதிகாரி தினமும் எழுதியது. ஒன்று சொல்லிவிடுகிறேன், அதில் சிப்பாயின் பெயரைத் தேடாதீர்கள். அதிகாரி இறந்தால் பெயர் வரும், சிப்பாய்கள் இறந்தால் பெரும்பாலும் எண்ணிக்கைதான் வரும். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் எந்த நாளில் எந்த அகழியில் இருந்தார்கள், எப்போது ஓய்வெடுக்கக் களத்தின் பின்பக்கம் வந்தார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். 1915 ஜூன் 4 நண்பகலில் கலிபோலியின் கிரித்தியா ஊரை நோக்கி மான்செஸ்டர் பிரிகேட் (சில பட்டாலியன்கள் சேர்ந்த படை) பாய்ந்தது. அந்தப் பிரிகேடில் 1/8உம் இருந்தது. பொதுநல நாடுகளின் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அந்தத் தேதியையும் ரெஜிமெண்டையும் கொடுத்து இறந்தவர்களின் பட்டியலை எடுத்தேன். நாட்குறிப்பில் எண்ணிக்கையாகப் போனவர்கள் அங்கே பெயரோடு இருக்கிறார்கள். பலருக்குக் கல்லறை கிடையாது, கலிபோலியில் இருக்கும் ஹெலஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும்.

அந்தக் கோடையில் கலிபோலியில் ஈத்தொல்லையும் வயிற்றுக்கடுப்பும் குண்டுகளுக்குக் குறையாமல் ஆட்களைச் சாய்த்தன. ஜாம் டப்பாவைத் திறந்தால் வாய்க்குப் போவதற்குள் ஈ மொய்த்துவிடுமாம். இதைச் சொன்னபோது பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. யாராவது ஜாம் பாட்டிலை மூடாமல் வைத்தால் அப்பா சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய்விடுவார் என்றார்.

எச்சரிக்கை ஒன்று: காயம்பட்டுத் தேறியவர்களை வேறு பட்டாலியனுக்கோ வேறு ரெஜிமெண்டுக்கோ அனுப்புவது சாதாரணம். ரெஜிமெண்ட் மாறினால் எண்ணும் மாறும். அதனால் பதக்க அட்டையோடு நிற்காமல் பதக்கப் பதிவேட்டையும் (டபிள்யூ.ஓ. 329) பாருங்கள், பல ரெஜிமெண்டுகளின் பதிவேட்டில் அவர் இருந்த பட்டாலியன்கள் வரிசையாக இருக்கும். போர்க்கைதியாக இருந்திருந்தால் செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய அட்டைகள் இணையத்தில் இலவசம்.

சரி, பதக்கத்தை எடுத்துப் பாருங்கள். எண்ணையும் ரெஜிமெண்டையும் இங்கே எழுதினால் எந்தப் பட்டாலியன் என்று நானும் சேர்ந்து தேடுகிறேன். விளிம்பு தேய்ந்திருந்தாலும் தேய்த்துத் துலக்கிவிடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும்.