இடிச்சவன் அவன், பாயிண்ட் எனக்குமா?

கேள்வி: அண்ணே, ஐரேசிங்னு ஆன்லைன் கார் ரேஸ் கேம்ல பின்னாடி வந்தவன்தான் இடிச்சான், எனக்கும் சேத்து 4எக்ஸ், அதாவது நாலு இன்சிடென்ட் பாயிண்ட் விழுந்துச்சு. இது என்னா நாயம்? எங்க லீக்ல புகார் குடுக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அந்தக் கணக்குல யார் தப்புன்னே கிடையாது தம்பி, பலமா மோதுனா ரெண்டு பேருக்கும் 4எக்ஸ், ஸ்பின் ஆனா 2எக்ஸ், ட்ராக்க விட்டு வெளிய போனா 1எக்ஸ், அவ்ளோதான். நாயம் பாக்குறது லீக் ஸ்டூவர்டுங்க, அதான் ரேஸ் நடுவருங்க வேலை. தாராளமா குடு, ரீப்ளேல எந்த லேப், எந்த கார்னர்னு குறிச்சு அனுப்பு, அத வுட்டுட்டு சாட்ல அசிங்கமா திட்டி வெச்சா உனக்கே பெனால்டி வரும். ஆனா ப்ரேக் போடுற எடத்துல நீ லைன் மாத்தியிருந்தியா? அப்ப கேஸ் உன் மேலயே திரும்பும், பாத்துக்கோ. (நம்ம சோழவரத்துல நெஜ கார் ரேஸ் ஓடுன காலத்துல இடிச்சா கைக்காசு போவும், இங்க ரீசெட் பட்டன் இருக்குல்ல, அதான் பசங்களுக்கு குளிர் வுட்டுப்போச்சு.)