பொது நிர்வாகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான புதுமைப் போட்டிகளால் வகுப்பறைக்கு ஏதாவது பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. இருபது நிமிடத்தில் படுத்துவிட்ட ஒரு வகுப்பு எனக்கு அதைப் புரியவைத்தது.

நான் கல்லூரியில் பொது நிர்வாகம் நடத்துகிறேன். எனக்குப் பழக்கமான போட்டி, அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்து மேக்ஸ்வெல் பள்ளி நடத்தும் ஈ-பார்க் (E-PARCC). (நம் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் பால் ஆப்பிள்பி அந்தப் பள்ளியின் தலைவராக இருந்தவர்தான். இந்திய நிர்வாகம் பற்றி 1953-இல் அவர் தந்த அறிக்கையின் பரிந்துரைப்படியே 1954-இல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது.) பல துறைகளும் மக்களும் கூடித் தீர்க்கவேண்டிய ஒரு சிக்கலைப் பற்றி ஆசிரியர்கள் ஒரு கேஸ் ஸ்டடியோ, மாணவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசும் பயிற்சியோ எழுதி அனுப்பவேண்டும். எழுதியவர் யார் என்று தெரியாமலே மதிப்பிடுவார்கள். தேர்வானவற்றை இணையத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கி வகுப்பில் நடத்தலாம்.

கூடவே கற்பித்தல் குறிப்பு ஒன்றும் வேண்டும். உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு வகுப்பை நடத்த முடியவேண்டும். பெரிய வேலையே அதுதான்.

ஏரி தூர்வாருவது பற்றி ஒரு கிராம சபைப் பயிற்சி வைத்திருந்தேன். ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., நீர்வளத் துறைப் பொறியாளர், ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) விவசாயிகள், கரையோரம் குடிசை போட்டிருப்பவர்கள் என்று பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச்சீட்டு. பொறியாளரின் சீட்டில் மட்டும் ‘ஆயக்கட்டு 52 ஹெக்டேர்’ என்றிருக்கும். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். என் வகுப்பில் தலைவராக இருந்த பையன், “அடுத்த மாசமே தூர்வாரிடலாம்” என்று வாக்குக் கொடுத்தான், எல்லோரும் கைதட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த பொறியாளர் மெதுவாக எழுந்து, “அந்த ஏரி உங்க கையில இல்லீங்க” என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த முக்கால் மணி நேர வாக்குவாதத்தில் அவர்கள் கற்றுக்கொண்டதை என் விரிவுரை ஒருநாளும் தந்ததில்லை.

போட்டிக்கு அனுப்பும் எண்ணத்தில் அதை எழுதினேன். அனுப்புமுன் வேறொரு கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பரிடம் கொடுத்து நடத்திப் பார்க்கச் சொன்னேன். அன்று மாலையே போன் வந்தது: “மேடம், இருபது நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு.” அவர் வகுப்பில் பொறியாளராக இருந்தவர் எடுத்தவுடனேயே சீட்டை வாசித்துவிட்டார். மற்றவர்கள், ‘அப்போ அவங்க பாடு’ என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு முறையும் வகுப்பு தொடங்குமுன் நான் பொறியாளர் பக்கத்தில் போய், “தலைவர் வாக்குக் கொடுக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே” என்று காதில் சொல்லிவிட்டு வருவேன். அதைச் சொல்கிறேன் என்பதே என் நினைவில் இல்லை. குறிப்பில் எப்படி வந்திருக்கும்?

நல்ல ஆசிரியர் ஓய்வுபெற்றால் அவர் வகுப்பும் அவரோடு போய்விடுகிறது. நம் துறையில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது. அந்தக் கைப்பக்குவத்தைத் தாளில் இறக்கச் சொல்லி நெருக்குகிறது, இந்தப் போட்டியைத் தவிர வேறு எதையும் நான் கண்டதில்லை. ஆய்வுக் கட்டுரையில் இதற்கு இடமில்லை. என் வேலையில் இதற்குத் தனி மதிப்பெண்ணும் கிடையாது. தமிழில் எழுதி அனுப்ப இப்படி ஒரு போட்டி இருந்தால், தமிழ்வழியில் நடத்தும் எத்தனையோ பேர் வைத்திருப்பது வெளியே வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் தொடங்குவதானால், ஈ-பார்க் தளத்திலிருந்து ஒரு பயிற்சியை இறக்கி, அதன் கற்பித்தல் குறிப்பை முதலில் வாசியுங்கள். பிறகு உங்களுடையதை எழுதி, உங்கள் வகுப்பைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கொடுங்கள். என் குறிப்பு ஒரு பக்கத்திலிருந்து ஆறு பக்கமாகிவிட்டது. நண்பர் அக்டோபர் 2 கிராம சபைக்கு மாணவர்களை அழைத்துப் போய்விட்டு, அந்த வாரமே மறுபடி நடத்திப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அனுப்புவேன்.