அக்ரிலிக் குழாயில் ஃபில்டர் செய்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: 300 லிட்டர் மீன் தொட்டிக்கு கார்பன் ரியாக்டர் (கார்பன் நிரப்பிய குழாய் வழியாகத் தண்ணீரை ஏற்றிச் சுத்தம் செய்யும் ஃபில்டர்) ஒன்றை நானே செய்யப் போகிறேன். 100 மி.மீ. அக்ரிலிக் குழாய் 3 மி.மீ. சுவரிலும் 5 மி.மீ. சுவரிலும் கிடைக்கிறது. 3 மி.மீ. தாங்குமா? நடு ராத்திரியில் வெடித்து வீடெல்லாம் தண்ணீராகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தாங்கும். குழாயை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. உங்கள் பம்ப் அதிகபட்சம் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் வழி முழுக்க அடைத்துக்கொண்டால்கூட உள்ளே வருகிற அழுத்தம் 0.3 பார், அதாவது 0.03 மெகாபாஸ்கல்தான். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, சுவர் தடிமனின் இரண்டு மடங்கால் வகுத்தால் சுவரில் விழும் இழுவிசை கிடைக்கும். உங்கள் 3 மி.மீ. குழாயில் அது 0.5 மெகாபாஸ்கல். அக்ரிலிக் அறுபட 70 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுக்க வேண்டும். வருடக்கணக்கில் நனைந்துகொண்டே இருக்கும் பொருள் என்பதால் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் நம்பலாம் என்று கணக்குப் போட்டாலும் நீங்கள் எல்லையிலிருந்து வெகு தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

மூடிக்கு வாருங்கள், பயப்பட வேண்டிய இடம் அதுதான். அதே 0.3 பார் 94 மி.மீ. உள்விட்டமுள்ள தட்டையான மூடியைத் தள்ளும்போது 20 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம். குழாயை 150 மி.மீ. ஆக்கினீர்கள் என்றால் அது 45 கிலோவைத் தாண்டிவிடும். வளைந்த சுவர் இந்த விசையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். தட்டையான மூடிக்கு அந்த வசதி கிடையாது, நடுவில் உப்பிக்கொண்டு ஓரத்தில் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) விட்டு எழும்பப் பார்க்கும். அதனால் மூடிக்கும் ஃபிளாஞ்சுக்கும் (மூடியைத் திருகுவதற்காகக் குழாய் வாயில் ஒட்டும் வளையத்துக்கும்) 10 மி.மீ. ஷீட் எடுங்கள். நான்கு திருகோடு நிறுத்தாமல் குறைந்தது ஆறு போடுங்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டி என்றால் திருகு நைலானாக இருக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் 5 மி.மீ. குழாயையே வாங்குங்கள் என்பேன். காரணம் வலிமை இல்லை, ஒட்டும் இடம். குழாயின் விளிம்பை அடித்தட்டின்மேல் நிறுத்தி ஒட்டும்போது பிடிமானம் என்பது அந்த விளிம்பின் அகலம் மட்டும்தான், 3 மி.மீ. வளையத்தில் ஓர் ஓரத்தில் பசை ஓடாமல் விட்டுப்போனால் மிச்சம் ஒன்றுமே இருக்காது.

அப்புறம், ஓட்டத்தைக் குறைக்கும் வால்வை ரியாக்டருக்குள் தண்ணீர் நுழையும் பக்கம் வையுங்கள். வெளியேறும் பக்கம் வைத்து மூடினால் பம்பின் முழு அழுத்தமும் மூடிமேல்தான் விழும்.

கேள்வி: ஒல்லியாக உயரமாகச் செய்வதா, குண்டாகக் குட்டையாகச் செய்வதா? கொள்ளளவு ஒன்றுதானே?

கொள்ளளவு ஒன்றாக இருக்கலாம், உள்ளே தண்ணீர் ஏறும் வேகம் ஒன்றாக இருக்காது. மணிக்கு 200 லிட்டர் விடுகிறீர்கள் என்றால் 90 மி.மீ. உள்விட்டத்தில் தண்ணீர் நொடிக்கு ஏறத்தாழ 0.9 செ.மீ. மேலேறும், 60 மி.மீ. உள்விட்டத்தில் அதுவே கிட்டத்தட்ட 2 செ.மீ. ஆகிவிடும். பாஸ்பேட் நீக்கும் இரும்பு ஆக்சைடு குருணைக்கு மேல்பரப்பு மட்டும் லேசாகப் புரளுகிற வேகம் போதும். கார்பன் புரளவே கூடாது. ஒன்றோடொன்று உரசி மாவாகி, கருப்புத் தூளாகத் தொட்டிக்குள் வந்து சேரும். ஆகவே முதலில் மீடியா, அதாவது உள்ளே நிரப்பும் பொருள், என்ன என்று முடிவு செய்யுங்கள், விட்டம் அதிலிருந்து வரட்டும். கடையில் எந்தக் குழாய் மிச்சம் கிடக்கிறதோ அதைத் தூக்கி வந்து, பிறகு அதற்கேற்ற மீடியாவைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு விட்டம் மனதில் இருந்து எதுவென்று குழம்பினால் பெரியதை எடுங்கள். வேகம் போதாவிட்டால் வால்வைத் திறந்து கூட்டிக்கொள்ளலாம், ஒல்லிக் குழாயில் வேகத்தைக் குறைக்க ஓட்டத்தையே அல்லவா குறைக்க வேண்டியிருக்கும்?

கேள்வி: வார்ப்புக் குழாய், எக்ஸ்ட்ரூடட் குழாய் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. எதை வாங்குவது?

எக்ஸ்ட்ரூடட் என்பது உருகிய பிளாஸ்டிக்கை அச்சு வழியாகத் தள்ளி இழுத்தெடுத்தது. சுவர் சீராக இருக்கும், விலை குறைவு, பசை சீக்கிரம் பிடிக்கும். ஆனால் இழுத்தெடுத்தபோது உண்டான இறுக்கம் உள்ளேயே உறைந்து கிடக்கும். வேகமாக அறுத்தால் பிளேடில் பாகு போல உருகி ஒட்டிக்கொள்ளும், ரசாயனம் பட்டால் மயிரிழை விரிசல் விடும். வார்ப்பு வகை அறுக்க, துளையிட, மரை வெட்ட நன்றாக இருக்கும், ரசாயனத்தையும் கூடுதலாகத் தாங்கும். அதன் குறை, சுவர் தடிமன் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்திருப்பது. வெர்னியரை (தடிமனும் விட்டமும் அளக்கும் கருவியை) விளிம்பில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் யோசனை: வெறும் உடலாக நிற்கும் குழாய்க்கு எக்ஸ்ட்ரூடட் தாராளமாகப் போதும். துளையோ மரையோ போடப்போகிற துண்டுக்கும், ஃபிளாஞ்ச், மூடிக்கும் வார்ப்பு அக்ரிலிக்கில் காசைச் செலவழியுங்கள்.

கேள்வி: ஒன்றரை மாதத்துக்கு முன் செய்த ஃபில்டரில் ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல். கீழே விழவில்லை, அடியும் படவில்லை. ஏன்?

விளிம்பு பளபளவென்று இருக்கட்டும் என்று ஒட்டுவதற்கு முன் தீயில் காட்டினீர்களா? இல்லையென்றால், ஒட்டி முடித்ததும் ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ போட்டுத் துடைத்தீர்களா? பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தீ பட்ட விளிம்பு சட்டென்று ஆறும்போது உள்ளே இறுக்கம் பிடித்துக்கொள்கிறது, பசையில் உள்ள கரைப்பான் பட்டதும் அது விரிசலாக வெளியே வருகிறது. ஆல்கஹால், அசிட்டோன், அம்மோனியா கலந்த துடைப்பான் மூன்றையும் அக்ரிலிக் பக்கமே கொண்டுவராதீர்கள். நானும் என் இரண்டாவது ரியாக்டரை ஒட்டிய மறுநாள், கைரேகை தெரிகிறதே என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துணியை எடுப்பதற்குள் விளிம்போரமாக வெள்ளி முடிகள் போலக் கோடுகள் ஓட ஆரம்பித்துவிட்டன. மூன்று நாள் வேலை போன வருத்தம் இன்னும் இருக்கிறது. சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் போதும்.

உங்கள் ஃபில்டரை ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த விரிசல்மேல் சிலிக்கான் பூசி ஒப்பேற்ற வேண்டாம், சிலிக்கான் அக்ரிலிக்கைக் கண்ணாடியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காது, கொஞ்ச நாளில் தோலாக உரிந்து வரும்.

மறுபடி செய்யும்போது இப்படிச் செய்து பாருங்கள். கனமான கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, குழாயை நேராக நிறுத்தி, சுழற்றிச் சுழற்றித் தேய்த்து விளிம்பை மட்டமாக்குங்கள். பளபளப்பு வேண்டியதில்லை, மட்டம்தான் வேண்டும். அடித்தட்டின்மேல் நிறுத்தி விளக்கு வெளிச்சத்தில் கீழிருந்து பார்த்தால் விளிம்பு வளையம் வெள்ளி நிறத்தில் தெரியும். தண்ணீர் போன்ற கரைப்பான் பசையைச் சிரிஞ்ச் ஊசியால் ஓரத்தில் விட்டதும், அது தானாகவே இடுக்கில் ஓடும், ஓடுகிற இடமெல்லாம் வெள்ளி மறைந்து கண்ணாடி போலத் தெளியும். அந்தத் தெளிவு சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தொடும்வரை கண்ணை எடுக்காதீர்கள். எங்காவது வெள்ளையாகத் திட்டு நின்றால் அங்கே மட்டம் இல்லை என்று பொருள், அங்கேதான் ஒழுகும். இந்தப் பசைகளில் பலவற்றில் டைகுளோரோமீத்தேன் இருக்கிறது, அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல். மூடிய அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டாம்.

கேள்வி: அக்ரிலிக் குழாய் பிவிசி சாக்கெட்டுக்குள் போகவே மாட்டேன் என்கிறது. அளவு சரியாகத்தானே வாங்கினேன்?

அக்ரிலிக்கை வெளிவிட்டத்தைச் சொல்லி விற்கிறார்கள், அங்குலக் கணக்குப் பிவிசியில் சொல்கிற எண் வெறும் பெயர். 1 அங்குலக் குழாயின் உண்மையான வெளிவிட்டம் 33.4 மி.மீ., அரை அங்குலம் என்பது 21.3 மி.மீ. பெயரைப் பார்க்காதீர்கள், சாக்கெட்டையே கையில் எடுத்துப் போய் வெர்னியரால் அளந்து வாங்குங்கள். சாக்கெட் உள்ளே போகப் போகக் குறுகும் என்பதால் வாயில் மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். இதைவிட நல்ல வழி, இரண்டையும் நேராக ஒட்டாமல் பல்க்ஹெட் ஃபிட்டிங் (சுவரில் துளையிட்டு இரு பக்கமும் வாஷரும் நட்டும் வைத்து இறுக்கும் இணைப்பு) போடுவது. பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டுவதாக இருந்தால் 12/16 ஹோஸுக்கு (முதல் எண் உள்விட்டம், அடுத்தது வெளிவிட்டம்) 13 மி.மீ. வெளிவிட்டமும், 16/22 ஹோஸுக்கு 17 மி.மீ. வெளிவிட்டமும் இறுக்கமாக உட்காரும்.

உலோக ஆண் மரையை அக்ரிலிக்குக்குள் திருகவே வேண்டாம். கூம்பு மரை ஒவ்வொரு சுற்றுக்கும் ஆப்பு அடித்த மாதிரி பிளக்கும்.

கேள்வி: யுவி விளக்கைச் சுற்றி உறையாக அக்ரிலிக் குழாய் போடலாமா?

கூடாது. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிரைச் சாதாரண அக்ரிலிக் உள்ளேயே விழுங்கிவிடும், தண்ணீருக்குப் போய்ச் சேராது. குழாயும் மஞ்சளித்து நொறுங்கும். அதற்குக் குவார்ட்ஸ் உறைதான்.

கேள்வி: உள்ளே மீடியா புரளுவது தெரிய வேண்டும் என்றுதான் தெளிவான குழாய் வாங்கினேன். இப்போது உட்சுவர் முழுக்கப் பச்சைப் பாசி.

வெளிச்சம் பட்டால் வரும். குழாய்மேல் கருப்புத் துணியோ ஃபோம் ஷீட்டோ சுற்றி, பார்க்க வேண்டும்போது மட்டும் விலக்குங்கள். சுத்தம் செய்யும்போது சொரசொரப்பான பச்சை நார் வேண்டாம், அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் அடுத்த முறை பாசி அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும். நீளமான கைப்பிடி போட்ட மென்மையான பாட்டில் பிரஷ் போதும். கை நுழைகிற அளவு விட்டத்தில் செய்திருந்தால் துணியே போதும்.